சென்னை – யாழ்ப்பாணம்: வான்வழித் தூரமும் பயண நேரமும்

சென்னை விமான நிலையத்துக்கும் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கும் இடையிலான வான்வழித் தூரம் சுமார் 355 கிலோமீட்டர். இதனைக் கணக்கிட நேயர்களுக்கு ஒரு வரைபடமே போதும். இரு இடங்களும் ஏறக்குறைய 80 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில், நேர் வடக்குத் தெற்காக அமைந்துள்ளன. சென்னை வட அட்சரேகை 13 பாகையிலும், பலாலி 9.8 பாகையிலும் இருக்கின்றன. ஒரு பாகை அட்சரேகை சுமார் 111 கிலோமீட்டர். 3.2 பாகைக்கு 355.

மணிக்கு சுமார் 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் ஏ.டி.ஆர். 72 ரக விமானம் இத்தூரத்தை 43 நிமிடங்களில் கடக்க வேண்டும். ஆனால் கால அட்டவணைகள் ஒரு மணி நேரத்துக்கும் கூடுதலாகவே காட்டுகின்றன. விமானம் தரிப்பிடத்தை விட்டு நகரும் கணத்திலிருந்து, சென்றடையும் இடத்தில் மீண்டும் தரித்து நிற்கும் வரையான நேரமே அட்டவணையில் இடம்பெறுவதும், குறுகிய பயணத்தில் மேலெழுவதும் கீழிறங்குவதுமே பெரும்பகுதியாகி விடுவதும் இதற்குக் காரணம்.

இந்த வழித்தடம் புதியதல்ல. 1947 டிசம்பர் 10 ஆம் தேதி எயார் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகவே சென்னைக்குப் பறந்தது. போர்க்காலத்தில் இத்தொடர்பு இல்லாமற் போனது. யாழ்ப்பாணத்திலிருந்து சென்னை செல்வோர் முதலில் தரைவழியே சுமார் 400 கிலோமீட்டர் தெற்கே கொழும்புக்குச் சென்று, அங்கிருந்து 650 கிலோமீட்டர் வடக்கே பறக்க வேண்டியிருந்தது. தூரம் ஏறத்தாழ மூன்று மடங்கானது. பலாலி – இரத்மலானை விமானப் பயணமும் ஆபத்தற்றதாக இருக்கவில்லை. 1998 செப்டம்பர் 29 ஆம் தேதி அவ்வழியில் சென்ற லயன் எயார் விமானம் 55 பேருடன் வடமேற்குக் கடலில் வீழ்ந்தது.

கடிகாரமும் குழப்பியது. 1996 முதல் 2006 ஏப்ரல் வரை இலங்கை நேரம் இந்திய நேரத்துக்கு முந்தியிருந்ததால், கொழும்பு – சென்னைப் பயணம் அட்டவணையில் உண்மையை விடக் குறைவாகத் தெரிந்தது. விடுதலைப்புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளிலோ பழைய நேரமே பின்பற்றப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

2006 ஆகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபின் நிலைமை மேலும் மோசமடைந்தது. 2007 இல் இக்கட்டுரையாளர் இலண்டனிலிருந்து 8,200 கிலோமீட்டரைப் பத்து மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் கடந்து சென்னையில் இறங்கினார். பயண அனுமதி பெற்று, கப்பலில் திருகோணமலைக்கும் பின்னர் கொழும்புக்கும் சென்ற அவரது தாயார் சென்னையை வந்தடைய ஒன்பது நாட்கள் ஆகின.

பலாலி 2019 அக்டோபர் 17 ஆம் தேதி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கியது. கோவிட் தொற்றால் 2020 மார்ச்சில் நின்ற அது 2022 டிசம்பரில் மீண்டும் ஆரம்பமானது. 2024 செப்டம்பரில் இண்டிகோ நிறுவனமும் இணைந்து கொண்டது. அம்மா அந்த விமானத்தில் ஏறியதில்லை. 2019க்கு முன்னரே அவர் காலமாகி விட்டார்.