துச்சிலும் புக்கிலும்

தமிழாசிரியர் யாவரும் அறிந்த இரண்டு சொற்கள் துச்சில், புக்கில் என்பன. வள்ளுவர் நிலையாமை அதிகாரத்தின் இறுதிக் குறளில் இரண்டையும் ஒருங்கே ஆண்டுள்ளார். துச்சில் என்பது ஒதுங்கியிருக்கும் இடம், பிறருடையது, எழுந்து போ என்றால் போக வேண்டுவது. புக்கில் என்பது புகுந்தபின் நிலைத்து வாழும் இல்லம். வள்ளுவர் உடம்பையும் உயிரையும் எண்ணிக் கூறினார். நாம் ஈண்டு ஆராயப் புகுவது, கணவனின் அடிக்கு அஞ்சி வெளியேறிய மலாயாத் தமிழ்ப் பெண்ணுக்கு இவ்விரண்டில் எது கிடைத்தது என்பதே.

தமிழ்நாட்டுச் சிற்றூரில் அடிபட்ட பெண் பிறந்தகத்திற்கு நடந்தாள். பெரியவர்கள் கூடிப் பேசிப் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவர். எனினும் சில நாள் படுத்தெழ அங்கே ஒரு திண்ணை இருந்தது. கப்பலேறி வந்தவளுக்கு அத்திண்ணை நாகப்பட்டினத்திலேயே நின்றுவிட்டது. தாயோ அக்காளோ அருகில் இருப்பதும் அரிது. 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி மலாயா இந்தியரில் ஆயிரம் ஆடவருக்கு ஐந்நூறு பெண்கள்கூட இல்லை.

எஞ்சியது லயம். லயத்து வீடு தோட்டத்தாருடையது. குடும்பத்துக்கு ஒன்றாகத் தலைவன் பெயரில் கொடுக்கப்படுவது. மனைவியும் அவனைப் போலவே விடியுமுன் பெரட்டுக்குச் சென்றாள். அவள் பெயரும் செக்ரோலில் ஏறியது. 1927இல் சிலாங்கூர் முதலிய பகுதிகளுக்கு விதிக்கப்பட்ட நாட்கூலி ஆடவருக்கு 50 காசு, பெண்டிருக்கு 40 காசு. ஆக, அவள் பிறர் கையை எதிர்பார்த்துப் பிழைத்தவள் அல்லள். உழைத்துப் பொருளீட்டியவளுக்கும் தன் பெயரில் ஒரு கதவு இல்லை என்பதே இங்கே கருதத்தக்கது.

1910இல் ஒப்பந்த முறை நிறுத்தப்படுமுன் நிலைமை இன்னும் கொடிது. ஒப்பந்தக் கூலி அனுமதியின்றித் தோட்டத்தைவிட்டு வெளியேறினால் குற்றம், சிறையும் உண்டு. கணவனைவிட்டு ஓடியவள் தோட்டத்தையும் விட்டு ஓடியவள் ஆனாள். ஒரே படலைக் கடந்ததற்கு இரண்டு குற்றச்சாட்டு.

அவளுக்கு இடங்கொடுத்தவனுக்கும் அச்சம் இருந்தது. 1871இல் நீரிணைக் குடியேற்றங்களில் இயற்றப்பட்ட தண்டச் சட்டத்தின் 498ஆம் பிரிவு, பிறன் மனைவியைக் கூடாவொழுக்கத்திற்காக அழைத்துச் செல்வதையும் மறைத்து வைப்பதையும் குற்றமாக்கியது. அப்பெண் தானே விரும்பி வந்தாளா என்பது கேள்வியன்று. முறையிடும் உரிமை கணவனுக்கு. அந்நோக்கமில்லாத நல்லவனைச் சட்டம் தண்டிக்காது என்று வழக்கறிஞர் சொல்லலாம். இரவில் கதவு தட்டப்படும்போது லயத்து அண்டை வீட்டானுக்கு அதை யார் விளக்குவது? இப்பிரிவு மலேசியாவில் ஒன்றரை நூற்றாண்டு வாழ்ந்தது. ஆண் பெண் வேறுபாடு காட்டுவதால் அரசியலமைப்புக்கு முரணென்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2023 டிசம்பரில்தான்.

அக்காலத்தில் புகலில்லங்களே இல்லையோ எனின், இருந்தன. சிங்கப்பூரில் 1888இல் தோன்றிய போ லியூங் குக், விற்கப்பட்டும் ஏமாற்றப்பட்டும் வந்த சீனப் பெண்களுக்குக் காப்பிடம் தந்தது. தோட்டத்துத் தமிழ் மனைவியை எண்ணி எழுப்பப்பட்டது அன்று அது.

நிற்க. 1970களில் நான் சிறுவனாக வளர்ந்த தோட்டத்தில் ஒரு பால்மரத் தொழிலாளி, சம்பள நாள்தோறும் கள்ளுக்கடையிலிருந்து திரும்பி மனைவியை அடிப்பார். அந்த அக்காள் இரண்டு பிள்ளைகளோடு ஆயாக்கொட்டகைக்கு ஓடுவார். தொட்டில் துணிகளுக்கு நடுவே மூவரும் உறங்குவர். சாவி ஆயாவிடம் இருந்தது. கிராணிக்குத் தெரிந்தால் வேலை போகும் என்று அஞ்சி, பெரட்டு மணிக்கு முன்னே அவர்களை எழுப்பிவிடுவார். எனக்குத் தெரிந்து அத்தோட்டத்திலிருந்த ஒரே புகலிடம் அந்த ஆயாவின் துணிவுதான்.

மலேசியாவில் அடிபட்ட மனைவியருக்கென்றே முதற்புகலில்லத்தை 1982இல் பெண்கள் உதவி அமைப்பு திறந்தது. 1994இல் இயற்றப்பட்ட குடும்ப வன்முறைச் சட்டம் 1996இல் நடைமுறைக்கு வந்தது. வீடு கணவனுக்கே உரியதாயினும் மனைவி மட்டும் அதில் வாழ நீதிமன்றம் ஆணையிடலாம் என்கிறது அது. ஆனால் அவள் உயிர்க்காவலுக்கு வேறு வழியே இல்லை என்றாலன்றி அவனை முற்றாக வெளியேற்றலாகாது; அவளுக்குத் தக்க வேறிடம் கிடைத்துவிட்டால் அவ்வாணை நீங்கும். 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சமூகநல அதிகாரி ஏழு நாள் செல்லும் அவசரப் பாதுகாப்பு ஆணை தரலாம் என்றாயிற்று. இவை பெரிய பேறுகளே. எனினும், வீடு யாருடையதோ அவனுக்குப் புக்கில், அடிபட்டவளுக்குத் துச்சில் என்ற பழைய கணக்கு இன்னும் முழுதும் அழியவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. அதிலும் வேலையோடு வந்த வீட்டை, அவன் வேலை போனபின் எந்த ஆணை காக்கும்?

ஆயாக்கொட்டகை அக்காள் ஈராண்டு கழித்துப் பக்கத்துத் தோட்டத்தில் மரம் வெட்டச் சேர்ந்தார். அங்கே ஆள் பற்றாக்குறை. ஆகவே அவர் பெயரிலேயே ஒரு லயத்து வீடு கொடுத்தார்கள். அந்த வீட்டின் எண்ணை என் அம்மா சாகும்வரை மறக்கவில்லை.