சக மதிப்பாய்வும் எழுத்துத் திருட்டும்

ஆய்விதழுக்கு வரும் கட்டுரையை அச்சேற்றும் முன், அதே துறையில் உழைக்கும் வேறு ஆய்வாளர்களிடம் கொடுத்துக் கருத்துக் கேட்பது சக மதிப்பாய்வு. பிறருடைய சொற்களையோ தரவுகளையோ எண்ணங்களையோ தம்முடையவை என்று காட்டிக்கொள்வது எழுத்துத் திருட்டு. முன்னது பின்னதைத் தடுத்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். ஆனால் மதிப்பாய்வு கட்டுரையின் தரத்தை எடைபோடப் பிறந்த ஏற்பாடு; திருட்டைக் கண்டுபிடிப்பது அதன் வேலையாக இருந்ததில்லை. சில சமயம் திருட்டுக்கு அதுவே வாசலாகவும் இருந்திருக்கிறது.

1665 மார்ச்சில் லண்டன் ராயல் சொசைட்டியின் செயலர் ஹென்றி ஓல்டன்பர்க் ‘பிலசாபிக்கல் டிரான்சாக்‌ஷன்ஸ்’ இதழைத் தொடங்கினார். எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்பதெல்லாம் அவர் முடிவுதான். 1752இல் சொசைட்டி இதழைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, கட்டுரைகளைத் தேர்ந்தெடுக்கக் குழு அமைத்தது. எழுத்துவடிவ மதிப்பாய்வு 1832இல்தான் வந்தது. பூமி, வெள்ளி ஆகியவற்றின் இயக்கம் பற்றி ஜார்ஜ் ஏரி எழுதிய கட்டுரை வில்லியம் ஹியூவெல், ஜான் லப்பக் ஆகிய இருவரிடமும் போனது. ஹியூவெலுக்குப் பாராட்ட ஆசை, லப்பக்குக்குக் குறைகளைச் சுட்ட ஆசை. தொடக்கத்திலேயே இழுபறி.

இருபதாம் நூற்றாண்டின் பாதிவரை இம்முறை எங்கும் கட்டாயமாக இருக்கவில்லை. 1936இல் ‘பிசிக்கல் ரெவ்யூ’ தம் கட்டுரையை வேறொருவரிடம் காட்டியது என்று கோபித்துக்கொண்டு ஐன்ஸ்டைன் அதைத் திரும்பப் பெற்றார். பெயர் தெரியாத அந்த மதிப்பாய்வாளர் சுட்டிய பிழை உண்மையானதே. வேறு இதழில் வெளியானபோது கட்டுரையின் முடிவு மாறியிருந்தது. ‘நேச்சர்’ இதழ் 1973இல்தான் வெளியார் மதிப்பாய்வைக் கட்டாயமாக்கியது.

இந்த முறையின் பலவீனமான இடத்தை 1978இல் தொடங்கிய ஒரு சம்பவம் வெளிச்சமாக்கியது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் இளம் ஆய்வாளர் ஹெலினா வாக்ஸ்லிக்ட்-ராட்பர்ட், பசியின்மை நோயாளிகளிடம் இன்சுலின் செயல்படும் விதம் பற்றிய கட்டுரையை ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழுக்கு அனுப்பினார். அது மதிப்பாய்வுக்காக யேல் பல்கலைக்கழகத்தின் பிலிப் ஃபெலிக்கிடம் போக, அவர் அதைத் தம்மிடம் பணிபுரிந்த விஜய் சோமனிடம் கொடுத்தார். அங்கும் அதே பொருளில் ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. கட்டுரையை நிராகரிக்கலாம் என்று பதில் போனது. பிறகு ஃபெலிக்கும் சோமனும் தங்கள் கட்டுரையை இன்னோர் இதழுக்கு அனுப்ப, அது மதிப்பாய்வுக்காக ராட்பர்டின் மேலதிகாரி ஜெஸ்ஸி ராத்தின் மேசைக்கே வந்துசேர்ந்தது. அதைப் படித்த ராட்பர்ட், தாம் எழுதிய வாக்கியங்களைச் சொல் மாறாமல் கண்டார்.

புகார் எழுந்ததும் விசாரணை வந்துவிடவில்லை. இரு தரப்பு மூத்தவர்களும் பழைய நண்பர்கள். விஷயத்தை அமைதியாக முடிக்கவே பார்த்தார்கள். ராட்பர்ட் விடவில்லை. 1980இல் வெளியிலிருந்து வந்த தணிக்கையில், சொற்களோடு தரவுகளிலும் புரட்டு இருந்தது தெரிந்தது. சோமன் பதவி விலகினார். பல கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் புதிதாகப் பெற்றிருந்த பதவியை ஃபெலிக் இழந்தார்.

இதழாசிரியர்களுக்கான நெறிமுறைக் குழுவான ‘கோப்’ 1997இல் பிரிட்டனில் உருவானது. மதிப்பாய்வுக்கு வந்த படியை ரகசியமாக வைப்பது, சொந்த நலன் குறுக்கிட்டால் ஒதுங்கிக்கொள்வது ஆகியவை அது வலியுறுத்தும் நெறிகள். ஆனால் நெறியை மீறுபவரை வாசலிலேயே நிறுத்த யாருமில்லை. தாம் அனுப்பிய கட்டுரையை மதிப்பாய்வாளரே திருடி வேறு இதழில் வெளியிட்டதைப் பற்றி அமெரிக்க மருத்துவர் மைக்கேல் டான்சிங்கர் 2016இல் அந்தத் திருடருக்கே பகிரங்கக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட ஒழுங்குமுறை, திருட்டைச் சதவீதத்தில் அளக்கிறது. ஆய்வேட்டில் 10 சதவீதம் வரை ஒப்புமை இருந்தால் தண்டனை இல்லை. 40 வரை திருத்தித் தர வேண்டும். 60 வரை ஓராண்டுத் தடை. அதற்கு மேல் பதிவு ரத்து. தற்செயலாக ஒத்துப்போகும் 14 தொடர் சொற்கள் வரை கணக்கில் வராது. எண் கையில் இருந்தால் நிர்வாகத்துக்கு வசதிதான். ஆனால் ஒப்புமையை அளக்கும் மென்பொருள் எண்ணுவது சொற்களை மட்டுமே. வாக்கியத்தைப் புரட்டிப்போட்டு அடுத்தவர் எண்ணத்தை முழுசாக எடுத்துக்கொண்டவர் பூஜ்யத்தோடு வெளியேறிவிடலாம். ஆய்வுமுறையைப் பலரும் எழுதும் வழக்கமான தொடர்களில் விவரித்த மாணவர் மாட்டிக்கொள்ளலாம்.

மதிப்பாய்வில் ரகசியம் காப்பது பற்றிய கவலை 2023இல் புது வடிவம் எடுத்தது. ராட்பர்ட் பணிபுரிந்த அதே தேசிய சுகாதார நிறுவனம், நிதி கேட்டு வரும் ஆய்வுத் திட்டங்களை மதிப்பிடுவோர் அவற்றைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளில் இடக் கூடாது என்று தடை விதித்தது. அப்படி இடப்பட்டது எங்கே சேமிக்கப்படும், பின்னால் யார் கண்ணில் படும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்பதே காரணம்.