வருஷம் பூரா மணல், ஒரு நாள் வெள்ளம்: 1903-இல் பாலாறு

போன நவம்பரில் வேலூரிலிருந்து அமிர்திக்கு பைக்கில் போனேன். ஏப்ரலில் செருப்பு நனையாமல் நான் நடந்த ஓடையில் இந்தத் தடவை காலே வைக்க முடியலை. ஜவ்வாது மலையில் முந்தின ராத்திரி பெய்த மழை மொத்தமா இறங்கிட்டிருந்தது. நாலு நாள் கழிச்சு ஃப்ரெண்ட் அனுப்பின போட்டோவில் கணுக்கால் அளவுதான் தண்ணி.

அரபு நாடுகளில் இப்படிப்பட்ட ஆற்றை 'வாடி' என்பார்கள். நம்ம பக்கம் பாலைவனம் இல்லைதான், வருஷத்துக்கு சுமார் 900 மி.மீ. மழை இருக்கு. ஆனா அது கொஞ்ச நாட்களிலேயே கொட்டித் தீர்ந்துடும். அதனால் நந்தி மலையில் பிறந்து 348 கி.மீ. ஓடுகிற பாலாறும் வாடி மாதிரியே நடந்துக்குது.

இதுக்குப் பழைய பதில், ஏரி. அரக்கோணம் பக்கம் மகேந்திரவாடியில் ஒரே பாறையில் குடைந்த கோயில் இருக்கு. அதன் கல்வெட்டு, பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் பெயரிலான ஏரியையும் சேர்த்தே சொல்லுது. அதாவது சுமார் 1,400 வருஷத்துக்கு முன்னாடியே வெள்ளத்தைப் பிடிச்சு வெச்சிருக்காங்க. பிறகு ஏரிக்குப் பின் ஏரியா சங்கிலி வளர்ந்தது. மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியா உபரி நீர் கீழ் ஏரிக்குப் போகும். அருமையான டிசைன்.

ஆனா மேல் ஏரியின் கரை உடைஞ்சா?

1903 நவம்பர் 12-இல் வாணியம்பாடி அதைப் பார்த்தது. மைசூர் சமஸ்தானப் பகுதியில் பெருமழை. கோலார் தங்கவயலுக்குத் தண்ணீர் கொடுத்த பேத்தமங்கலம் ஏரி உள்பட, பாலாற்றின் தலைப்பில் இருந்த ஏரிகள் உடைந்தன. (ஆமா, கே.ஜி.எஃப் படத்தில் வர்ற அதே தங்கவயல்தான்.) எங்க வேலையில் இதை 'கேஸ்கேடிங் ஃபெயிலியர்' என்போம்: ஒரு சர்வர் விழுந்தா அதோட லோடு அடுத்ததுக்குப் போகும், அதுவும் விழும். இங்கே கடைசி சர்வர் ஒரு ஊர். 200-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வாணியம்பாடியில் அவர்களுக்கு ஒரு நினைவுத் தூண் இருக்கு.

இதுக்கு 11 வருஷம் முன்னாடி, 1892-லயே, மெட்ராஸும் மைசூரும் ஒப்பந்தம் போட்டிருந்தன. பாலாறும் அந்தப் பட்டியலில் இருந்தது. மைசூர் புது அணையோ ஏரியோ கட்டணும்னா மெட்ராஸ் சம்மதிக்கணும். கவலை முழுக்கத் தண்ணீர் வராமல் போயிடுமோ என்றுதான். 1903-இல் எல்லாம் ஒரேயடியா வந்தது.

ஏரியை விடப் பெரிய தொட்டி ஒண்ணு இருக்கு: ஆற்று மணல். வெள்ளம் போன பிறகும் மணலுக்கு அடியில் தண்ணீர் நிற்கும். விவசாயிகள் அதுக்குள்ளே ஊற்றுக்கால்வாய் வெட்டி, மோட்டார் இல்லாமல், சரிவை மட்டும் நம்பி வயலுக்குக் கொண்டுபோனார்கள். ஈரானில் மலையடி நீரைச் சுரங்கம் வழியா ஊருக்குக் கொண்டு வந்த கனாத்துக்கு இது தூரத்து உறவு என்பேன்.

அந்தத் தொட்டியைத்தான் நாம கெடுத்தோம். மணலை லாரியில் ஏத்தினோம். மிச்சத்தில் தோல் தொழிற்சாலைக் கழிவு இறங்கியது. 1996-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னப்போ, சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாழானதா ஒரு ஆய்வு அதில் பதிவாச்சு. ஆம்பூர் ஷூ போடுற எல்லாருக்கும் இதில் பங்கு இருக்கு, எனக்கும்தான்.

2021 நவம்பரில் பாலாற்றில் மறுபடி பெருவெள்ளம். பேரணாம்பட்டில் வீட்டுச் சுவர் இடிந்து 9 பேர் இறந்தார்கள், அதில் 4 குழந்தைகள்.

அமிர்தியிலிருந்து திரும்பும்போது கணியம்பாடி பக்கம் வண்டியை நிறுத்தினேன். அங்கே நாகநதியில், 100 நாள் வேலைத் திட்டத்தில் பெண்கள் குழி தோண்டி உறை இறக்கியிருக்காங்க. தண்ணீர் எடுக்க இல்லை, ஓடுற மழைநீரை உள்ளே இறக்க. ஓரமா நின்ன அக்காகிட்ட, "கிணத்துல தண்ணி ஏறியிருக்காக்கா?"னு கேட்டேன்.

"சித்திரையில வந்து கேளு தம்பி" என்றார்.