தி பிளைண்ட் சைட் (திரைப்படம்)
2009இல் ஜான் லீ ஹான்காக் இயக்கிய அமெரிக்கக் கால்பந்துப் படம். மெம்ஃபிஸ் நகரில் தங்க இடமின்றி அலைந்த கறுப்பின இளைஞன் மைக்கேல் ஓஹரை வசதியான வெள்ளையர் குடும்பம் சேர்த்துக்கொண்ட உண்மைக் கதை. ரசிகர்கள் கொண்டாடினார்கள், வசூல் 30 கோடி டாலரைத் தாண்டியது, அக்குடும்பத்தின் தாயாக நடித்த சாண்ட்ரா புல்லக்குக்கு ஆஸ்கர். கறுப்பரைக் கரைசேர்க்க வெள்ளையர்தான் வரவேண்டுமா என்று விமர்சகர்கள் பலர் முகம்சுளித்தனர். அதிகம் உறுத்துவது ஒரு காட்சி: அந்த வீட்டுப் பொடியன் கெட்ச்அப் பாட்டில்களை மேசையில் அடுக்கி, ஓஹருக்கு ஆட்டத்தைப் பாடம் நடத்துவான். தனக்கு ஆட்டம் முன்பே தெரியும் என்று 2011இல் தன் நூலில் ஓஹர் ஆட்சேபித்தார். குடும்பம் தன்னைத் தத்தெடுக்கவே இல்லை, சட்டக் காப்பாளர் பொறுப்பை மட்டுமே பெற்றது என்று 2023இல் நீதிமன்றம் போனார். ஏமாற்றவில்லை என்றது குடும்பம். நீதிபதி அவ்வாண்டே அந்த ஏற்பாட்டை ரத்து செய்தார்.