விபத்து இழப்பீட்டு வழக்கு நடக்கும்போது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைக்கலாமா?

போடிமெட்டு ஏறும் தோட்டத்து ஜீப்போ, கொழிஞ்சாம்பாறை ரோட்டில் போகும் பைக்கோ, விபத்து என்றால் பத்து நிமிஷத்தில் போட்டோ குரூப்பில் வந்துவிடுகிறது. சொந்தக்காரர்கள் பதற, அடிபட்டவரும் ஆஸ்பத்திரியில் படுத்தபடியே ஸ்டேட்டஸ் போடுகிறார்: "பயப்படாதீங்க, எனக்கு ஒண்ணும் இல்ல."

பல மாதம் கழித்து, பாலக்காட்டிலோ தொடுபுழாவிலோ உள்ள மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில், இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் கையில் அதே ஸ்டேட்டஸின் ஸ்க்ரீன்ஷாட் இருக்கலாம். (விபத்து கேரளாவில் நடந்திருந்தாலும், தேனிக்காரர் தன் ஊர்ப் பக்கத் தீர்ப்பாயத்திலேயே மனு போட மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-வது பிரிவு இடம் கொடுக்கிறது. ஸ்க்ரீன்ஷாட்டும் அங்கே வரும்.)

ஒரு வரியில் என்ன கெட்டுவிடும்?

கிரிமினல் வழக்கு போல, சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும் என்பது இங்கே இல்லை. எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்த்தே தீர்ப்பாயம் முடிவெடுக்கும். இது அடிபட்டவருக்கு நல்லதுதான். ஆனால் எதிர்த்தரப்புக்கும் அதே தராசுதான். "நானும் கொஞ்சம் வேகமாத்தான் வந்தேன்" என்று எழுதிய வரியை வைத்து 30 சதவீதத் தவறு உங்கள் பக்கம் என்று முடிவானால், 10 லட்சம் 7 லட்சமாகிவிடும்.

ஜீப்பில் எத்தனை பேர் இருந்தீர்கள் என்பதையும் குத்துமதிப்பாக எழுதாதீர்கள். பாலிசியில் அனுமதித்த எண்ணிக்கைக்கு மட்டுமே இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பு என்று 2007-ல் அஞ்சனா ஷ்யாம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இதைவிடச் சிக்கலானது, இனி வேலை செய்ய முடியுமா என்ற கேள்வி. டாக்டர் தரும் ஊன சதவீதம் வேறு, வருமான இழப்பு வேறு என்று 2010-ல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. இடது கையை இழந்த டிரைவருக்குப் பிழைப்பே போய்விடலாம். அரசு குமாஸ்தாவுக்கு வேலை போகாமலும் இருக்கலாம். அதனால் ஏலக்காய் எடுக்கும் பெண்ணின் இடுப்பு அடிபட்டால், நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்ய முடியுமா என்பதுதான் விஷயம். கல்யாண வீட்டில் அவர் இரண்டு நிமிஷம் ஆடிய ரீல்ஸ் இதற்குப் பதில் ஆகாது. ஆனால் அதற்கப்புறம் மாத்திரை போட்டுப் படுத்தது வீடியோவில் இருக்காதே.

ஸ்க்ரீன்ஷாட் செல்லுமா?

மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் வேண்டும் என்பதை 2014-ல் தெளிவாக்கியதே ஒரு கேரள வழக்குதான்: ஏறநாடு தொகுதித் தேர்தல் தொடர்பான அன்வர் எதிர் பஷீர் வழக்கு. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவும் இதையே கேட்கிறது. ஆனாலும் இதை நம்பி இருக்க வேண்டாம். "இது நீங்க போட்டதுதானே?" என்று குறுக்கு விசாரணையில் கேட்டால், சத்தியம் செய்துவிட்டு இல்லை என்று சொல்ல முடியாது.

ஏற்கெனவே போட்டதை அவசரமாக அழிக்காதீர்கள்; மறைக்கப் பார்த்தார் என்ற பேச்சுதான் மிஞ்சும். வக்கீலிடம் காட்டுங்கள். விபத்து இடம், வண்டி நம்பர், காயம் ஆகியவற்றின் போட்டோக்கள் உங்களுக்கே உதவும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தரமும் தேதி விவரமும் குறையும் என்பதால், எடுத்த போனிலேயே அசலை வைத்திருங்கள்.

அக்கவுண்டை பிரைவேட் ஆக்கினால் போதுமா? மச்சான் டேக் செய்தால் போச்சு. வழக்கு முடியும்வரை டேக் பண்ண வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவையுங்கள். வக்கீல் அனுப்பிய வாய்ஸ் நோட்டை ஃபேமிலி குரூப்பில் தட்டிவிடுவதும் வேண்டாம்.