திருப்பூர் வட்டாரக் கொசு இனங்களின் அளவு

திருப்பூர், அவிநாசி, பல்லடம் உள்ளிட்ட பின்னலாடைத் தொழில் வட்டாரத்தில் மனிதரைக் கடிக்கும் கொசுக்கள் பெரும்பாலும் 3 முதல் 7 மி.மீ. நீளமுடையவை. எடை சுமார் 2 மில்லிகிராம். ஒரே இனத்தில் ஆணைவிடப் பெண் பெரிது. குருதி குடித்ததும் வயிறு உப்பிவிடும்; ஆகவே ஆய்வாளர்கள் உடலை விட்டுச் சிறகின் நீளத்தையே அளப்பர்.

வகைப்பாட்டு வரலாறு

லின்னேயசு 1758இல் கியூலெக்ஸ் பேரினத்துக்குப் பெயரிட்டார். டெங்குவைப் பரப்பும் எஜிப்டி கொசுவும் 1762இல் அப்பேரினத்திலேயே சேர்க்கப்பட்டது. மெய்கன் 1818இல் அனாபிலிஸ், ஏடிஸ் ஆகிய பேரினங்களைப் பிரித்தார். சாக்கடைக் கொசுவான குயின்குபாசியேட்டசுக்கு 1823இல் தாமஸ் சே பெயரிட்டார். 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் மலேரியா ஒட்டுண்ணியைக் கொசுவின் வயிற்றில் கண்ட ரொனால்ட் ராஸ், அக்கொசுவின் இனப்பெயரை அறியார். சிறகுப் புள்ளியைக் கொண்டே அதை வேறுபடுத்தினார். நகர மலேரியாவைப் பரப்பும் ஸ்டீபன்சியை 1901இல் லிஸ்டன் விவரித்தார். இந்தியக் கொசுக்களுக்குக் கிறிஸ்டோபர்ஸ் (1933), பராட் (1934) எழுதிய தொகுதிகளே அடிப்படை நூல்கள். எஜிப்டியை 2004இல் சிலர் ஸ்டீகோமியா என்ற தனிப் பேரினத்துக்கு மாற்றினர். ஆனால் ஏடிஸ் என்ற பெயரே பரவலாக வழங்குகிறது. இனத்தை உறுதிசெய்வன செதில், உணர்கொம்பு, சிறகுப்புள்ளி ஆகியவை. அளவு துணைச்சான்று மட்டுமே.

முக்கிய இனங்கள்

குயின்குபாசியேட்டஸ்: பழுப்பு நிறம், சுமார் 4 மி.மீ. சாக்கடையில் பெருகும், யானைக்கால் நோயைப் பரப்பும்.

ஏடிஸ் எஜிப்டி: 4–7 மி.மீ. கால்களில் வெள்ளை வளையம், முதுகில் யாழ் வடிவ வெள்ளைக் கோடு. பகலில் கடிக்கும்.

ஸ்டீபன்சி: நடுத்தர அளவு. புள்ளிச் சிறகு, வாலைத் தூக்கிச் சாய்ந்து அமரும்.

ஆர்மிஜெரிஸ்: செப்டிக் டேங்க்கில் பெருகும் கருநிறப் பெருங்கொசு. உறிஞ்சுகுழல் கீழ்நோக்கி வளைந்திருக்கும். பருமனைக் கண்டு டெங்குக் கொசு என அஞ்சுவது தவறு.

டாக்சோரிங்கைட்டிஸ்: உலகின் மிகப் பெரிய கொசுக்கள், 18 மி.மீ. வரை வளரும். குருதி குடிப்பதில்லை, இவற்றின் புழு பிற கொசுப்புழுக்களைத் தின்னும். மலைக்காட்டு மரப்பொந்துகளில் வாழ்கின்றன.

அளவு மாறும் காரணம்

சிறகு முளைத்தபின் கொசு வளராது. புழுப்பருவமே அளவை முடிவுசெய்கிறது. ஒரே தண்ணீர் டிரம்மில் புழுக்கள் நெருங்கி இரை போதாமல் வளர்ந்தால் கொசு சிறுக்கும். வெயில் காலத்தில் புழு விரைவில் முதிர்வதாலும் சிறுக்கும். குளிர்ந்த, இரை மிகுந்த நீரில் அதே இனம் பெரிதாகும்.

இன்றைய நிலை

குடிநீர் நாள்விட்டு வருவதால் லைன் வீடுகளில் நீர் சேர்த்துவைக்கும் டிரம்மும் சம்ப்பும் நீங்காதவை; அவற்றில் கொசுப்புழு வளர்கிறது. கொசு ஒழிப்புப் பணியாளர்கள் புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்றுகின்றனர், புகை அடிக்கின்றனர்.