ஆப்பிரிக்கன் வயலட்: மலைக்காட்டிலிருந்து நம் ஜன்னலுக்கு

"வாங்கும்போது பூத்திருந்தது; வீட்டுக்கு வந்த பிறகு இலை மட்டும்தான் வருகிறது." ஆப்பிரிக்கன் வயலட் வாங்கியவர்கள் பெரும்பாலும் சொல்லும் குறை இது. இந்தச் செடியின் பூர்வீகம் தெரிந்தால் காரணம் விளங்கிவிடும்.

பெயரில் வயலட் இருந்தாலும் இது வயலட் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. இன்றைய தான்சானியா அப்போது ஜெர்மானியர் ஆட்சியில் இருந்தது. அங்கே அதிகாரியாக இருந்த வால்டர் ஃபான் செயின்ட் பால், உசாம்பாரா மலைப்பகுதியில் இதைக் கண்டு, ஜெர்மனியிலிருந்த தன் தந்தைக்கு அனுப்பினார். 1893-ல் ஹனோவர் அரச தோட்டத்தின் ஹெர்மன் வெண்ட்லாண்ட் அந்தக் குடும்பத்தின் பெயரால் 'செயின்ட்பாலியா' என்று பெயரிட்டார். செடிகள் கப்பலேறிய காலம் அது. 1826-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய நம் புதுச்சேரி தாவரவியல் பூங்காவிலும் பிற நாட்டுச் செடிகளை வளர்த்துப் பார்த்தார்கள்.

1920-களில் லாஸ் ஏஞ்சலஸ் நர்சரி ஒன்று ஐரோப்பிய விதைகளிலிருந்து நல்ல ரகங்களைத் தேர்ந்தெடுத்து விற்றது. ஓர் இலையை மண்ணில் ஊன்றினாலே புதுச்செடி வரும் என்பதால், இலை கைமாறிக் கைமாறி வீடுதோறும் பரவியது. 1946-ல் அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு சங்கம் உருவானது. டியூப்லைட் வந்த பிறகு ஜன்னல் இல்லாத அறையிலும் பூத்தது.

மலைக்காட்டில் மர நிழலில், ஈரப் பாறை இடுக்கில் வாழ்ந்த செடி இது. நம் வில்லியனூர், பாகூர் பக்கத்து வெயில் இதற்கு ஆகாது. 18 முதல் 27 டிகிரி வரை வெப்பம் இதற்குச் சுகம். சித்திரை, வைகாசியில் பூக்கவில்லையே என்று வருந்த வேண்டாம். ஐப்பசி முதல் மாசி வரைதான் நமக்கு நல்ல காலம்.

நேர்வெயில் படாத, வெளிச்சமான கிழக்கு ஜன்னலில் வையுங்கள். வெளிச்சம் போதாவிட்டால், செடிக்கு ஓரடி மேலே தினமும் 12 மணி நேரம் டியூப்லைட் எரியட்டும். தொட்டி சிறியதாக இருக்கட்டும். பெரிய தொட்டியில் பூக்கத் தாமதமாகும். இலையில் குளிர்ந்த நீர் பட்டால் புள்ளி விழும். எனவே அடித்தட்டில் நீர் ஊற்றி, அரை மணி நேரம் கழித்து மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால், பிடித்து வைத்த மழைநீரே மேல்.

உசாம்பாரா காடுகள் விவசாயத்துக்காகவும் மரத்துக்காகவும் அழிக்கப்பட்டதால், இதன் காட்டு இனங்கள் பலவும் இன்று அழிவின் விளிம்பில் இருக்கின்றன. உலகெங்கும் ஜன்னலோரங்களில் பூக்கும் செடிக்குச் சொந்த ஊரில் இடமில்லை. உங்கள் வீட்டில் நன்றாக வளர்ந்திருந்தால், ஓர் இலையைப் பக்கத்து வீட்டுக்கும் கொடுங்கள்.